மாத்திரை என்றால் அளவு

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவிலிருந்த ஒரு மருந்துக் கடையில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்து ஓராண்டு கூட நிறைவடையாத காலம் அது. ஒரு நாள் காலையில் கடை திறந்ததும் 70 வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் வந்து, முந்திய நாள் மாலை நான் கொடுத்திருந்த மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். “ராத்திரி நெஞ்சு வலிச்சுச்சு தாயி. நீ குடுத்ததுல ஒண்ணு போட்டேன், கேக்கல. இன்னொண்ணு போட்டேன், அதுக்கும் கேக்கல. விடிய விடிய உக்காந்தே இருந்தேன்” என்றார். அட்டையில் இருந்தது ஐசோசார்பைட் டைநைட்ரேட், 5 மில்லிகிராம். நெஞ்சுவலி வரும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை. எப்படிப் போட்டீர்கள் ஐயா என்று கேட்டேன். “தண்ணி ஊத்தி முழுங்குனேன். வேற எப்படிப் போடுறது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். முந்திய நாள் சீட்டைப் படித்து, அட்டையை வெட்டி, கவரில் போட்டு, காசை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பியவள் நான். ‘நாக்குக்கு அடியில்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அவரை அப்போதே ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரவு முழுவதும் அவர் உட்கார்ந்திருந்த திண்ணையை நான் பார்த்திராவிட்டாலும், இன்றுவரை அது என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. கல்லூரியில் இரண்டு பருவங்கள் மருந்தியல் படித்திருந்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். படித்ததற்கும் கவரின்மேல் எழுதவேண்டிய இரண்டு சொற்களுக்கும் உள்ள தொடர்பு அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தொடர்பைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுத விரும்புகிறேன்.

விழுங்கிய மாத்திரை நெஞ்சுக்கு நேராகப் போவதில்லை. அது இரைப்பையில் நனைந்து உடைந்து, கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலுக்குப் போன பிறகே இரத்தத்துக்குள் நுழைகிறது. சிறுகுடலின் உட்புறம் மடிப்பு மடிப்பாகவும், அந்த மடிப்புகளின்மேல் மிக நுண்ணிய விரல்களைப் போன்ற நீட்சிகளுடனும் இருப்பதால், அதை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய வீட்டின் தரையளவு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பரந்த இடத்தில் உறிஞ்சப்படும் மருந்து உடனே உடல் முழுவதும் பரவிவிடுவதில்லை. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் ஒரு தனிச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரலைக் கடந்த பிறகுதான் அது இதயத்தை அடைந்து மற்ற உறுப்புகளுக்குப் பிரிகிறது. சோற்றோடும் காயோடும் உள்ளே வரும் அன்னியப் பொருள்களைப் பிடித்து, உருமாற்றி, சிறுநீரோடோ பித்தத்தோடோ வெளியேற்றுவது கல்லீரலின் தொன்மையான வேலை. நாம் நல்லெண்ணத்தோடு அனுப்பிய மருந்து, செடியின் நஞ்சு என்ற வேறுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் நின்று பணம் கட்டிவிட்டுப் போவதுபோல, பெரும்பாலான மருந்துகள் அங்கே தம்மில் ஒரு பங்கை இழந்துவிட்டே மேலே போகின்றன. சில மருந்துகள் சிறிதளவே இழக்கின்றன. பெரியவரின் மாத்திரையைப் போன்ற நைட்ரேட் வகை மருந்துகளோ பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் அடியில் நீலமாக ஓடும் சிரைகள் தெரியும். அங்கிருந்து புறப்படும் இரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் கழுத்து வழியாக இறங்கி நேரே இதயத்துக்குத் திரும்புகிறது. ஆகையால் அங்கே கரையும் மாத்திரை சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறது. அதே மாத்திரையை விழுங்கினால் வந்து சேர்வதும் தாமதம், வந்து சேரும் அளவும் குறைவு. பெரியவர் போட்ட இரண்டு மாத்திரைகளும் தரமானவைதான். அவற்றை நான் தவறான பாதையில் அனுப்பிவிட்டேன். (நெஞ்சுவலிக்கு இந்த மாத்திரை எழுதப்பட்டிருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டே அதை நாக்குக்கு அடியில் வைக்கவேண்டும், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழ நேரிடும். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழைக்கவேண்டும். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.)

இந்த மருந்துக் குடும்பத்தின் வரலாறும் சொல்லத் தக்கது. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினைப் பயன்படுத்தலாம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் 1879-ல் எழுதினார். அதே நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து செல்வம் ஈட்டிய ஆல்பிரட் நோபலுக்கு, 1896-ல், அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டில், இதய நோய்க்காக அதையே மருத்துவர்கள் எழுதித் தந்தார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்பது மேலும் பல பத்தாண்டுகளுக்குத் தெரியாமலே இருந்தது. உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி இரத்தக் குழாய்களின் தசையைத் தளர்த்துகிறது என்றும், நம் இரத்தக் குழாய்களே அந்த வாயுவைச் செய்துகொள்கின்றன என்றும் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கு 1998-ல் நோபல் பரிசே வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில் என்ற ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையும் இதே பாதையில் சற்றுத் தள்ளி வேலை செய்கிறது. நைட்ரேட் மூட்டிவிடும் சைகையை அணையவிடாமல் அது பிடித்து வைத்துக்கொள்வதால், இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி அந்த மாத்திரையைக் கேட்கும் ஆண்களிடம் நெஞ்சுவலி மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று நானும் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிடுவேன். கூச்சத்துக்காக அந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது.

மருந்து பலித்தது என்பதை நம் பேச்சில் ‘கேட்டது’ என்கிறோம். காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்டது. வலி ஊசிக்குக் கேட்கவில்லை. நோயைச் சொல்பேச்சுக் கேட்கும் அல்லது கேட்காத பிள்ளையாகக் கருதும் வழக்கு அது. இந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் உடலில் உண்மையாகவே கேட்கும் பொருள் ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த ஜான் நியூபோர்ட் லாங்லி, 1905-ல் கோழியின் தசையில் நிக்கோட்டினையும் குராரே என்ற அம்பு நஞ்சையும் வைத்து ஆராய்ந்தார். தசைக்கு வரும் நரம்பு அழிந்துபோன பிறகும் நிக்கோட்டின் பட்டதும் தசை சுருங்கியது. ஆகவே நிக்கோட்டின் பேசுவது நரம்போடு அன்று, தசையோடு. குராரே கொடுத்தால் நிக்கோட்டினுக்குத் தசை சுருங்கவில்லை. ஆனால் மின்சாரத்தால் நேராகத் தூண்டினால் சுருங்கியது. தசை கெடவில்லை, அதன் காது மட்டும் அடைபட்டிருக்கிறது. தசையில் இந்த வேதிப்பொருள்களை ஏற்கும் ஏதோ ஒரு பொருள் தனியாக இருக்கவேண்டும் என்று லாங்லி முடிவுகட்டினார். கண்ணால் காண வழியே இல்லாத காலத்தில், இரண்டு நஞ்சுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து எட்டிய முடிவு அது. இன்று அதைத்தான் ஏற்பி என்கிறோம். உயிரணுவின் மேற்பரப்பிலோ உள்ளேயோ இருக்கும் இந்தப் புரதங்கள் உடலின் சொந்தச் சைகைகளுக்காக, அட்ரினலின் போன்றவற்றுக்காக, அமைந்தவை. மருந்துகளில் பல அந்தச் சைகைகளைப் போன்ற சாயலைக் கொண்டு அதே புரதங்களில் போய் அமர்கின்றன.

அமர்வதில் இரண்டு வகை உண்டு. அமர்ந்து சைகையையும் கொடுக்கும் மருந்து ஒரு வகை. சைகை எதுவும் கொடுக்காமல் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் மருந்து இன்னொரு வகை. திருவிழாக் காலத்தில் பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, இரண்டாவது வகை அந்தத் துண்டைப் போன்றது. துண்டு பயணம் செய்யாது. ஆனால் அது கிடக்கும்வரை வேறொருவர் அங்கே உட்கார முடியாது. மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கிய புரோப்ரனலால், இதயத்தில் அட்ரினலின் அமரும் பீட்டா என்ற வகை ஏற்பிகளில் இப்படித் துண்டு போடுகிறது. அட்ரினலின் வந்து பார்க்கிறது, இடமில்லை. இதயம் படபடப்பின்றி நிதானமாகத் துடிக்கிறது. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடினையும் இதே கருத்தைக் கொண்டு உருவாக்கிய பிளாக், 1988-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதயத்தில் இருப்பதைப் போன்ற ஏற்பிகள் நுரையீரலின் மூச்சுக் குழாய்களிலும் இருக்கின்றன. அங்கே அவை குழாயை விரித்து வைக்கும் வேலையைச் செய்கின்றன. புரோப்ரனலாலுக்கு இதயம் எது, நுரையீரல் எது என்ற அறிவு இல்லை. இரத்தம் போகும் இடமெல்லாம் அது போகிறது. பொருந்தும் ஏற்பியைக் கண்ட இடமெல்லாம் துண்டைப் போடுகிறது. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்காகவும் கை நடுக்கத்துக்காகவும் அதை எழுதுவது வழக்கம். ஆஸ்துமா உள்ள ஒருவர் அதை விழுங்கினால் மூச்சுக் குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கவிளைவு என்று நாம் சொல்வது பல வேளைகளில் மருந்தின் அதே விளைவுதான். நாம் கேட்காத இடத்தில் நடக்கிறது, அவ்வளவே. ‘பக்கவிளைவே இல்லாத மருந்து’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அந்த மருந்து உடலில் எந்த ஏற்பியோடும் எந்தப் புரதத்தோடும் பேசுவதில்லை என்றுதான் நான் பொருள்கொள்வேன்.

எல்லா இடத்துக்கும் போகாமல் வேண்டிய இடத்துக்கு மட்டும் மருந்தை அனுப்ப வழி உண்டா என்றால், ஓரளவுக்கு உண்டு. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஊரில் வீணாக அஞ்சப்படும் இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கான சல்பூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு முறை அழுத்தினால் 200. அதாவது 4 மில்லிகிராம் மாத்திரையில் 20-ல் ஒரு பங்கு. மருந்தை நேராக மூச்சுக் குழாயிலேயே சேர்ப்பதால் அவ்வளவு குறைந்த அளவே போதுகிறது. மாத்திரை உண்பவர்களுக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அந்த மிகுதியான மருந்து தசையிலும் இதயத்திலும் போய்ப் பேசுவதால்தான். இவ்வளவும் தெரிந்த பிறகு, ‘புள்ளைக்கு அந்த பம்பு மட்டும் வேணாம்மா, பழகிப் போயிரும், மாத்திரையே குடுங்க’ என்று ஒரு தாய் கேட்கும்போது எனக்கு ஏற்படும் வருத்தம் கொஞ்சமன்று. குறைந்த மருந்தைக் கண்டு அஞ்சி, இருபது மடங்கு மருந்தைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஏற்பியில் அமராமல் வேறு வகையில் வேலை செய்யும் மருந்துகளும் ஏராளம். அவற்றில் ஆஸ்பிரினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் தூய வடிவில் செய்யப்பட்டு உலகெங்கும் விழுங்கப்பட்ட அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை மருந்தியலாளர் ஜான் வேன் 1971-ல்தான் காட்டினார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள்களை உடல் செய்வதற்கு ஒரு நொதி தேவை. ஆஸ்பிரின் அந்த நொதியைத் தடுக்கிறது. தடுக்கும் விதம்தான் வியப்பானது. மற்ற வலிநிவாரணிகள் அந்த நொதியில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு எழுந்து போகின்றன. ஆஸ்பிரினோ தன்னிலிருந்து ஒரு பகுதியை முறித்து நொதியின் வாயிலில் ஒட்டிவிட்டுப் போகிறது. அந்த நொதி மீண்டும் வேலை செய்யாது. மற்ற உயிரணுக்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். ஆனால் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லை. கெட்ட நொதிக்குப் பதிலாகப் புதியதொன்றைச் செய்துகொள்ள அவற்றால் இயலாது. 7 முதல் 10 நாள் வரையிலான தம் ஆயுள் முழுவதும் அவை ஊமையாகவே சுற்றிவருகின்றன. ஆஸ்பிரின் இரத்தத்தில் இருப்பது மிகக் குறுகிய நேரம். 20 நிமிடத்துக்குள் பாதி போய்விடும். அதன் விளைவோ ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு 75 மில்லிகிராம் என்ற சிறிய மாத்திரை நாளுக்கு ஒன்று போதுவதும், அறுவை சிகிச்சைக்குப் பல நாள் முன்பே அதை நிறுத்துவதா வேண்டாமா என்று மருத்துவர்கள் யோசிப்பதும் இதனால்தான். அதை நிறுத்தும் முடிவை நோயாளி தாமாக எடுக்கவே கூடாது.

இங்கேயும் இடம் பிடிக்கும் அந்தத் துண்டு வருகிறது. மூட்டுவலிக்காக ஐபுபுரோஃபென் மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டு, சற்று நேரத்தில் ஆஸ்பிரினைப் போட்டால், நொதியின் வாயிலில் ஐபுபுரோஃபென் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். ஆஸ்பிரின் வந்து பார்த்து, இடமின்றி, சிறிது நேரத்தில் சிதைந்துவிடும். சில மணி நேரம் கழித்து ஐபுபுரோஃபெனும் எழுந்து போய்விடும். தட்டணுக்கள் எந்தத் தடையுமின்றி வேலைக்குத் திரும்பும். இரண்டு மாத்திரையையும் ஒழுங்காக உண்டவர், இதயத்துக்கான பாதுகாப்பை இழந்திருப்பார். அவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. இரண்டும் வேண்டியிருப்பவர்கள் எதை எப்போது உண்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தமிழில் மாத்திரை என்ற சொல்லுக்கு அளவு என்றே முதற்பொருள். இலக்கணத்தில் அது காலத்தின் அளவு: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்துக்கும் ஒலிக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மருந்தில் எவ்வளவு என்ற கேள்வியையும் எவ்வளவு நேரம் என்ற கேள்வியையும் பிரிக்க முடியாது. சீட்டில் 1-0-1 என்று எழுதும்போது மருத்துவர் எழுதுவது அந்த இரண்டுக்குமான விடையை.

உள்ளே போன மருந்தில் பாதி வெளியேற எடுக்கும் நேரத்தை அரையாயுள் என்கிறார்கள். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தைப் போல எண்ணிப் பார்க்கலாம்: ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஐந்து அரையாயுள் கடந்தால் 32-ல் ஒரு பங்கான அரைவீசமே மிஞ்சும். மருந்து ஏறக்குறையப் போய்விட்டது எனலாம். இதையே மறுபுறமாகப் பார்த்தால், ஒரு மருந்தை நாள்தோறும் உண்ணத் தொடங்குபவரின் இரத்தத்தில் அது ஏறி ஏறி ஒரு நிலையான மட்டத்தை எட்டுவதற்கும் நான்கைந்து அரையாயுள் ஆகும். பாராசிட்டமாலுக்கு அரையாயுள் 2 முதல் 3 மணி நேரம். ஆகவே காய்ச்சலுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்குப் பலரும் உண்ணும் அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். நாளுக்கு ஒன்று போதும், ஆனால் அது முழு மட்டத்தை எட்ட ஒரு வாரமாவது வேண்டும். மூன்றாம் நாள் பிரஷரைப் பார்த்துவிட்டு, ‘இந்த மாத்திரைக்குக் கேக்கல, வேற குடுங்க’ என்று வருபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மருந்துக்கு இன்னும் பேச நேரமே கொடுக்கப்படவில்லை.

என் அம்மா தைராய்டு மாத்திரை உண்பவர். லீவோதைராக்சினின் அரையாயுள் ஏறத்தாழ 7 நாள். மட்டம் நிலைப்பதற்கு ஐந்தாறு வாரம் ஆகும் என்பதால்தான் அளவை மாற்றிய பிறகு ஆறு வாரம் கழித்தே மறு இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் உடலில் உள்ள இருப்பில் பத்தில் ஒரு பங்களவே குறையும் என்று சொன்னபோது, மறதிக்காகத் தம்மையே திட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் வேறொரு சிக்கல் எங்கள் வீட்டிலேயே ஒளிந்திருந்தது. ஓராண்டுக் காலம் அவருக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பரிசோதனை முடிவு மட்டும் சரியாகவில்லை. அம்மா காலையில் எழுந்ததும் பல் துலக்கி, மாத்திரையை வாயில் போட்டு, சூடான டிகிரி காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். கூடவே எலும்புத் தேய்மானத்துக்கான கால்சியம் மாத்திரையையும். ‘வெறும் வயித்துலதானே போடச் சொன்னாங்க, நான் ஒண்ணும் சாப்பிடலையே’ என்று அவர் கேட்டது முழு நியாயம். காபியை உணவாக அவர் கருதியதே இல்லை. லீவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படுவது. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. குடலில் கால்சியம் அதைப் பற்றிக்கொண்டு இரத்தத்துக்குள் போகவிடாமல் செய்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. காபியும் உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கிறது. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கி, முக்கால் மணி நேரம் கழித்துக் காபி. கால்சியத்தை இரவுக்கு மாற்றினோம். மூன்று மாதத்தில் மருத்துவர் அளவைக் குறைத்தார். அந்த ஓராண்டும் அம்மாவின் மருந்துகளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான் என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தாலும் எல்லா உடலும் ஒரே வேகத்தில் அதைக் கழிப்பதில்லை என்பதற்கான அழுத்தமான பாடங்களில் ஒன்று சென்னையில் கற்கப்பட்டது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து காசநோய் வேதிமருத்துவ மையம் ஒன்றைச் சென்னையில் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைக்கத் தேவையில்லை, ஏழை வீட்டில் ஏழைச் சாப்பாட்டோடு இருந்தபடியே மருந்தால் குணமாக்கலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வு அங்கேதான் நடந்தது. அதன் புகழில், அதே இடத்தில் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தைப் பற்றி நடந்த நுட்பமான வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஐசோனியாசிடைக் கல்லீரலில் ஒரு நொதி உருமாற்றிச் செயலிழக்கச் செய்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவுக்கு ஏற்ப, சிலருக்கு அந்த நொதி விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். விரைவானவர்களில் மருந்தின் அரையாயுள் ஏறத்தாழ 1 மணி நேரம். மெதுவானவர்களில் 3 மணி நேரம் அளவு. தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான பிரிவினர். மருந்தை நாள்தோறும் கொடுத்தபோது இரண்டு பிரிவினருமே நன்றாகக் குணமடைந்தார்கள். நோயாளிக்கு அலைச்சலைக் குறைக்கலாம் என்று வாரம் ஒரு முறை கொடுத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது: விரைவாகக் கழிப்பவர்கள் குணமடைவதில் பின்தங்கினார்கள். மெதுவானவர்களுக்கு வேறு இடர். மருந்து உடலில் அதிக நேரம் தங்குவதால் கை கால்களில் எரிச்சலும் மதமதப்புமாக நரம்புப் பாதிப்பு அவர்களுக்கே கூடுதலாக வந்தது. பி-6 வைட்டமினான பிரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்க முடியும் என்பதும் சென்னையில் ஆராயப்பட்டது. இன்று காசநோய் மருந்தோடு ஒரு சிறிய வைட்டமின் மாத்திரை வருவதைப் பார்த்து, ‘இது சத்து மாத்திரைதானே, விட்டுடலாமா’ என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சுருக்கியாவது சொல்லிவிடுகிறேன். வாரம் மூன்று நாள் என்றிருந்த காசநோய் சிகிச்சையை இந்தியா 2017-ல் நாள்தோறும் உண்ணும் முறைக்கு மாற்றியது.

அதே சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசினைக் குறித்து ஒன்று மட்டும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மருந்து, கல்லீரலின் நொதிகளைப் பெருக்கிவிடுகிறது. சுங்கச்சாவடியில் வாயில்களைக் கூட்டியதுபோல, மற்ற மருந்துகள் விரைந்து கழிந்துவிடுகின்றன. கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்ணுக்குக் காசநோய் மருந்து தொடங்கினால், அந்த மாத்திரையை நம்பியிருக்க முடியாது. சிறுநீரின் நிறத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். இதைப் பெண்களிடம் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

கடைசியாக, எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால். கல்லீரல் இதில் பெரும்பகுதியை இரண்டு பாதுகாப்பான பாதைகளில் உருமாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. மீதமுள்ள சிறு பங்கு மூன்றாவது பாதையில் போய் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. கல்லீரல் அணுக்களில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் உடனே அதைப் பற்றிச் செயலிழக்கச் செய்துவிடுவதால், சரியான அளவில் உண்ணும்வரை ஒரு கேடும் இல்லை. அளவு மீறும்போது பாதுகாப்பான பாதைகள் நிரம்பி வழிகின்றன, மேலும் மேலும் மருந்து மூன்றாம் பாதைக்குத் தள்ளப்படுகிறது, குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது, நஞ்சு கல்லீரலையே பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் வாந்தியும் சோர்வும் தவிர வேறொன்றும் தெரியாமலே இருக்கலாம். குளூட்டாதயோனை மீண்டும் செய்துகொள்ள உதவும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும் என்பதால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

உடல்நலமுள்ள வயதுவந்தவருக்கு நாளுக்கு உச்ச அளவு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரையானால் ஆறு. மெலிந்தவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றுள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது என்பதை அட்டையின் பின்புறத்தைப் படிக்காதவர்கள் அறிய வழியில்லை. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் ஒரே மருந்தை ஒரே நாளில் உண்டுவிட்டு வருபவர்கள் உண்டு.

குழந்தைகளின் சிரப்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஒரே மருந்து, 5 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் உள்ள புட்டியாகவும் 250 மில்லிகிராம் உள்ள புட்டியாகவும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம்; முதல் புட்டியில் அது 5 மில்லிலிட்டர், இரண்டாவதில் ஏறக்குறைய இரண்டரை, சொட்டு மருந்தில் ஒன்றேகால் கூட இல்லை. ‘போன தடவை அஞ்சு எம்.எல். குடுத்தேன்’ என்று சொல்லும் தாயின் கையில் இந்த முறை எந்தப் புட்டி இருக்கிறது என்பதைப் பார்க்காமல் நான் தலையாட்டுவதில்லை. புட்டியைத் திருப்பி, பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணை அவர்களையே படிக்கச் சொல்கிறேன். குழந்தையின் எடையைக் கேட்டு, அளவுமூடியில் எந்தக் கோடுவரை ஊற்றவேண்டுமோ அந்தக் கோட்டின்மேல் பேனாவால் ஒரு மை அடையாளம் வைத்துக் கொடுக்கிறேன். மூடியைக் கழுவக் கழுவ மை அழிந்துவிடும். அதற்குள் காய்ச்சலும் பெரும்பாலும் இறங்கிவிடும். அடுத்த முறை வரும்போது குழந்தையின் எடையை மறுபடியும் கேட்டுக்கொள்வேன்.